பனிக்காலப் பறவை நடை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்ததும் என் ஃபோன் ஓயாது. "இந்த ஞாயிறு எந்தக் குளம்?" என்று மட்டும் கேட்டால் பழைய ஆள். மற்ற எல்லாவற்றையும் கேட்டால் புதிய ஆள். திருநெல்வேலி, பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள குளங்களுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை ஞாயிறு காலையில் போகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. தலைவர், செயலாளர், ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது. ஒரே பதிலை வாட்ஸாப்பில் தட்டித் தட்டிச் சலித்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எனக்குக் காக்கா, குருவி, கொக்கு தவிர ஒண்ணும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். காக்காவிலேயே இரண்டு இருக்கிறது: கழுத்து சாம்பலாக இருப்பது வீட்டுக் காக்கா, முழுக் கறுப்பு அண்டங்காக்கா. கொக்கு என்று நீங்கள் ஒரே பெயரில் சொல்வதில் நம் குளத்தில் மட்டும் நாலைந்து உண்டு. சின்ன வெள்ளைக்கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மாட்டுக்குப் பின்னாலேயே போவது உண்ணிக்கொக்கு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மடையானைத்தான். மடைப்பக்கம் சேற்று நிறத்தில், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மண்ணாங்கட்டி போல உட்கார்ந்திருக்கும். பத்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. நாம் ஒரு எட்டு கூட வைத்தவுடன் 'க்வாக்' என்று எழும்பும்; எழும்பிய நொடியில் பார்த்தால் இரண்டு றெக்கையும் வெள்ளைவெளேர். உட்கார்ந்தால் மறுபடி மண். பிறந்ததிலிருந்து வயக்காட்டைப் பார்த்தவர்கள் கூட "இது அதுதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அளவு ஆச்சரியம் போதும், மற்றதெல்லாம் வந்து சேரும்.

எத்தனை மணிக்கு? கொஞ்சம் லேட்டா வந்தா பறவை போயிருமா?

காலை 6.15க்குக் குளத்தங்கரையில் இருக்க வேண்டும். மார்கழி, தையில் இங்கே சூரியன் ஆறரைக்கு மேல்தான் தலைகாட்டும். இரவு மரத்தில் அடைந்த பறவைகள் இரைக்குக் கிளம்புவதும், இரவெல்லாம் வயலில் மேய்ந்த வாத்துகள் குளத்துக்குத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். எட்டு மணிக்கு வந்தாலும் பறவை இருக்கும். ஆனால் பாதி வாத்து தலையை முதுகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும்.

காலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கே இருக்கும், தண்ணீர் மேற்கே நிற்கும். காலையில் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவை மேல் முழு வெளிச்சம் இருக்கும். அதே கரையில் சாயங்காலம் நின்றால் கண் கூசும். எல்லாப் பறவையும் கறுப்பு அட்டையில் வெட்டியது போலத் தெரியும். ஒன்பதரைக்கு முடித்துவிடுவோம். அதற்கு மேல் இட்லி.

என்ன கொண்டு வரணும்? பைனாகுலர் இல்லாட்டி வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை. கூட்டத்தில் எப்போதும் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நாலைந்து நடைக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அப்போது வாங்குங்கள். வாங்கும்போது 8x42 என்று பார்த்து வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். அந்த அகலம்தான் மங்கலான காலையில் வெளிச்சத்தை உள்ளே இழுக்கும். "இருபது மடங்கு, முப்பது மடங்கு ஜூம்" என்று கடையில் ஆசை காட்டுவார்கள். கை நடுக்கத்தையும் அது இருபது மடங்காக்கிக் காட்டும். கேட்காமல் வாங்கி, பரணில் போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

மற்றபடி தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன நோட்டு. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கரையெல்லாம் உடைமுள்ளும் கருவேலமுள்ளும் கிடக்கும். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு நேரே பாதத்துக்கு வரும். பளீர் வெள்ளைச் சட்டை, சிவப்புச் சட்டை தவிர்த்தால் நல்லது.

கட்டணம் உண்டா?

இல்லை. தூரத்துக் குளம் என்றால் பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

பொம்பளைங்க தனியா வரலாமா? பாத்ரூம் வசதி இருக்கா?

வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்தான். குளத்தில் பாத்ரூம் கிடையாது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் கூடும் இடத்தை எப்போதும் பெட்ரோல் பங்க் அல்லது பஸ் ஸ்டாண்ட் அருகே வைக்கிறோம், ஒன்பதரை என்றால் ஒன்பதரைக்கே முடிக்கிறோம். இடையில் கிளம்ப வேண்டும் என்றால் காரணம் கேட்காமல் யாராவது ஒருவர் பைக்கை எடுப்பார்.

பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

ஏழு எட்டு வயதுக்கு மேல் என்றால் சரி. கரை உயரம், உள்வாயில் (கரைக்கு உள்ளே, தண்ணீர் நிற்கும் பக்கம்) சகதி. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் வேண்டும். இன்னும் சின்னப் பிள்ளை என்றால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும், அப்புறம் உங்களுக்கும் பறவை இல்லை, எங்களுக்கும் இல்லை.

இதுல வெளிநாட்டுப் பறவை எது? எத்தனை வந்திருக்கு?

என் காதில் அதிகமாக விழுந்த கேள்வி இதுதான். கேட்பவர் விரல் நீட்டுவது பெரும்பாலும் உள்ளூர்ப் பறவையை நோக்கித்தான் இருக்கும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மரம் நிறைய நிற்கும் மஞ்சள் மூக்கு நாரையைக் காட்டி "சைபீரியாவிலிருந்து வந்தது" என்று பக்கத்தில் ஒருவர் விளக்கிக்கொண்டிருப்பார். கூழைக்கடா என்றால் ஆஸ்திரேலியா. இரண்டும் சரியில்லை. மஞ்சள் மூக்கு நாரையும் நம்மிடம் உள்ள புள்ளிமூக்குக் கூழைக்கடாவும் இந்தியாவிலேயே பிறந்து வளர்வன. தண்ணீர் எங்கே, மீன் எங்கே என்று ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியக் கூழைக்கடா என்று ஒன்று உண்டு. அது வேறு இனம், இங்கே வருவதில்லை.

பெரிதாக, அழகாக, கூட்டமாக இருந்தால் வெளிநாடு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கடல், மலை தாண்டி வந்தது அந்த நாரையின் காலடியில், சகதியில், யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பழுப்பு நிற உள்ளான்.

அப்போ பனிக்காலத்துல நிஜமாவே தூரத்துலேர்ந்து வர்றது எது?

வாத்துகளில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன். ஊசிவால் வாத்து இரை தேடும்போது தலை தண்ணீருக்குள் போய், கூர்வால் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். நாற்பது வாத்து சேர்ந்து செய்தால் குளத்தில் ஆப்பு அடித்து வைத்தது போல இருக்கும். நீலச்சிறகியைக் கார்த்திகையில் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு. தை, மாசியில்தான் ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளை வில் தெளிவாக விழும். கூந்தன்குளத்துக்குப் போனால் வரித்தலை வாத்து, தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு. திபெத்து, மங்கோலியாப் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருவது. 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கரையோரச் சகதியில் பொறி உள்ளான், கருவால் மூக்கன். வயலில் மஞ்சள் வாலாட்டி. கரண்ட் கம்பியில் வரிசையாகத் தகைவிலான். குளத்துக்கு மேலே தாழப் பறந்து எல்லாரையும் கிளப்பிவிடும் சேற்றுப் பூனைப்பருந்து. சாயங்காலம் ஊர் எல்லையில் புகை போலச் சுருண்டு விரியும் சூறைக்குருவிக் கூட்டம், மத்திய ஆசியாவிலிருந்து.

குளத்துக்கே வர வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டு முருங்கையிலோ செம்பருத்திப் புதரிலோ 'டக்... டக்...' என்று நாக்கைத் தட்டுவது போல ஒரு சத்தம் ஐப்பசியிலிருந்து கேட்கும். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம், மூன்று நான்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு. கிழக்கு ஐரோப்பா, மத்திய ஆசியாப் பக்கம் பிறந்து உங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்திருக்கிறது.

இவங்கல்லாம் இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சுட்டுத்தானே திரும்பிப் போறாங்க?

இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. கூடு கட்டி நீங்கள் பார்ப்பதெல்லாம் முன்னே சொன்ன நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு வகைகள், உள்ளூர்க்காரர்கள். ஊசிவால் வாத்து, பொறி உள்ளான், வரித்தலை வாத்து எதுவும் இங்கே முட்டையிடுவதில்லை. வடக்கே கோடையில் பகல் நீளம், பூச்சி ஏராளம். குஞ்சு வளர்க்க அந்த இடம். அங்கே குளம் உறைந்ததும் இரைக்கு இந்த இடம்.

'விருந்தாளிப் பறவை' என்று பேப்பரில் எழுதுவார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பொறி உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் நம் குளத்துக்கு வந்துவிடுகிறது, சித்திரை வரை இருக்கிறது. வருஷத்தில் எட்டு மாதம். வடக்கே இருப்பது குஞ்சு பொரிக்கும் இரண்டு மூன்று மாதம்தான், மீதி நாள் வழியில் கழிகிறது. துபாயில் வேலை பார்க்கிறவர் வருஷத்தில் எட்டு மாதம் ஊரில் இருந்தால் அவரை விருந்தாளி என்போமா?

அவ்வளவு தூரத்துலேர்ந்துதான் வருதுன்னு எப்படிச் சொல்றீங்க? கூடவே போய்ப் பார்த்தீங்களா?

நியாயமான கேள்வி. பறவையைப் பிடித்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டி விடுவது பழைய முறை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக இதைச் செய்துவருகிறது. இங்கே மாட்டிய வளையம் வடக்கே எங்காவது கிடைத்தால் இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போடலாம். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் பார்க்கப்பட்டிருக்கின்றன. இப்போது முதுகில் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்துச் செயற்கைக்கோள் வழியாக நாள்தோறும் பின்தொடர்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். காலில் நிறக் கொடியோ கழுத்தில் பட்டையோ தெரிந்தால், நிறத்தையும் எழுத்தையும் எந்தக் கால் என்பதையும் எழுதிவைத்து எங்களிடம் சொல்லுங்கள்.

போன வருஷம் இதே குளத்துல ஆயிரக்கணக்குல இருந்துச்சு. இந்த வருஷம் நல்ல மழை, ஆனா ஒண்ணையும் காணோமே?

நல்ல மழை பெய்ததால்தான் காணோம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எந்த வாரம் எந்தக் குளத்துக்குப் போகலாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பறவைக்கு வேண்டியது நிறையத் தண்ணீர் இல்லை, அதனதன் காலுக்கு ஏற்ற தண்ணீர். உள்ளானுக்கு ஈரச் சகதி போதும், இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் நின்றால் அதற்கு வேலையில்லை. கருவால் மூக்கனுக்கு ஒரு சாண் வரை சரி. நாரை முழங்கால் அளவு வரை நடக்கும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்து எட்டுகிற ஆழம் வரை மேயும். நிரம்பி வழிந்து மறுகால் பாய்கிற குளத்தில் நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி மட்டும் சந்தோஷமாக இருக்கும். மற்றவை வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகும். பிசானப் பயிருக்கு (இந்தப் பருவ நெல்லுக்கு) மடை திறந்து தண்ணீர் பாயப் பாய, தை, மாசியில் உள்வாய் ஓரம் சகதி வெளியே வரும். வாரத்துக்கு வாரம் அந்தச் சகதிக் கோடு உள்ளே நகரும், உள்ளானும் அதோடு நகரும். ஒரு குளம் வற்றும்போது பக்கத்துக் குளம் சரியான பதத்துக்கு வந்திருக்கும். பறவைகளுக்கு ஒரே ஒரு குளம் போதாது என்பது இதனால்தான். சங்கிலி போல இருபது குளம் இருந்தால்தான் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றில் சாப்பாடு கிடைக்கும். "குளத்தை நல்லா ஆழமாத் தோண்டி, சுத்தி கல் பதிச்சு நடைபாதை போட்டா பறவை வரும்ல?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். கல் பதித்த செங்குத்துக் கரையில் உள்ளான் எங்கே நிற்கும்?

ஆயிரம் வாத்துன்னு எழுதுறீங்களே, எண்ணினீங்களா, சும்மா அடிச்சு விடுறீங்களா?

இரண்டுக்கும் நடுவில். முதலில் பத்து வாத்தை உண்மையாகவே எண்ணுங்கள். அந்தப் பத்து பைனாகுலரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவில் இருபது, முப்பது என்று நகர்த்தி நூறு வரை போங்கள். பிறகு நூறை ஒரு கட்டாக்கி, கூட்டத்தின் மேல் பாய் விரிப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக விரியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எழுதிய பிறகுதான் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும்.

போன தையில் இப்படி ஒரு கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது சேற்றுப் பூனைப்பருந்து வந்து மொத்தத்தையும் கிளப்பிவிட்டது. பறக்கும் கூட்டத்தைப் பார்த்து நான் எழுதியது 400. பக்கத்தில் நின்ற அக்கா எழுதியது 700. அன்றைக்கு எடுத்த படத்தில் வீட்டில் உட்கார்ந்து புள்ளி வைத்து எண்ணியபோது 630 வந்தது. அக்காவுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன். பறக்கும் கூட்டத்தைக் குறைவாகவே கணிப்போம், அது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

ஆப்ல சத்தத்தைக் கேட்க வச்சா பேரைச் சொல்லிருது. அப்புறம் நடை எதுக்கு?

மெர்லின் செயலி நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது சொல்வது சாட்சி, தீர்ப்பு இல்லை. ஒருநாள் கரைமேல் நின்றபோது புதிதாக வந்த தம்பி ஒருவரின் ஃபோன் 'வல்லூறு' என்றது. எல்லாரும் வல்லூறைத் தேடி மரமரமாகப் பார்த்தோம். கம்பியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது கருவாட்டுவாலி. ஊரில் சிலர் இரட்டைவால் குருவி என்பார்கள், புத்தகத்தில் கரிச்சான். வல்லூறு மாதிரிக் கத்தி மற்றப் பறவைகளைப் பயமுறுத்தி, அவை விட்டுப்போகும் இரையைத் தட்டிப்பறிப்பது அதன் பழக்கம். ஃபோனும் பயந்துவிட்டது.

தமிழ்ப் பேர் புத்தகத்துல ஒண்ணு, ஊர்ல ஒண்ணுன்னு இருக்கே, எதைச் சொல்றது?

இரண்டையும் சொல்லுங்கள். கணக்கில் ஏற்றும்போது எல்லாருக்கும் பொதுவான பெயர் வேண்டும். கரையில் ஆடு மேய்க்கும் ஆச்சியிடம் கேட்கும்போது அவர் சொல்லும் பெயர் வேண்டும். "அரிவாள் மூக்கன்" என்று அவர் சொன்னால் அது வெள்ளையா கறுப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் அப்படித்தான் சொல்வார். "இந்தக் குளத்துல இது முன்னே கிடையாது, நான் கட்டிக்கிட்டு வந்தப்போ வேற மாதிரி இருந்துச்சு" என்கிற தகவல் எந்தப் புத்தகத்திலும் வராது.

ஃபோட்டோ எடுக்கலாமா? பறக்கிற மாதிரி வேணும்னா லேசாக் கைதட்டலாமா?

எடுக்கலாம். தட்டக்கூடாது, கல் எறியக்கூடாது, டிரோன் விடக்கூடாது, ஃபோனில் குரல் ஓடவிட்டுக் கூப்பிடக்கூடாது. மாசியில் அந்தப் பறவை தின்னும் ஒவ்வொரு புழுவும் திரும்பிப் போகிற வழிக்கான கொழுப்பாகச் சேர்கிறது. காரணமில்லாமல் ஒரு தடவை கிளப்பினால் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கிறோம். பறக்கும் படம் வேண்டுமா, பொறுமையாக உட்காருங்கள். பூனைப்பருந்து எப்படியும் வரும்.

கூடு தெரிந்தால் கிட்டே போகவே வேண்டாம். எந்த மரம், எந்த இடம் என்று இணையத்தில் போடவும் வேண்டாம்.

வலை கட்டிக் கொக்கு பிடிக்கிறவங்களைப் பார்த்தா என்ன செய்ய?

சண்டைக்குப் போகாதீர்கள். இடம், நேரம், முடிந்தால் வண்டி எண் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வீட்டில் கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் அதே சட்டப்படி குற்றம்தான். இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடும்.

குத்தகைக்காரர் கேட்கிறார்: "காசு கட்டி மீன்குஞ்சு விட்டது நான், தின்னுட்டுப் போறது உங்க பறவை. வெடி போடாம என்ன செய்ய?"

இதற்குச் சுளுவான பதில் என்னிடம் இல்லை. எல்லாப் பறவையும் மீன் தின்பதில்லை என்று சொல்லலாம், அது உண்மை. வாத்துகள் பெரும்பாலும் பாசி, விதை, சிறு பூச்சி. நத்தைகுத்தி நாரைக்குப் பெயரிலேயே சாப்பாடு இருக்கிறது: அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடித்து ஓட்டை உடைக்காமலே சதையை உருவி எடுக்கும். ஆனால் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன்தான் தின்கின்றன. அவர் நஷ்டம் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குஞ்சைக் கொஞ்சம் பெரிதாக வளர்த்து விடுவது, குஞ்சு விட்ட இடத்துக்கு மேல் மட்டும் நைலான் கயிறு கட்டுவது போன்றவற்றைச் சில இடங்களில் செய்கிறார்கள். ஊரே சேர்ந்து முடிவெடுத்த இடங்களும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டும். எச்சம் கலந்த மண்ணை வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறார்கள். அங்கே பறவைக்கும் ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. குத்தகைக்காரருக்கு அப்படி ஏதும் இல்லை, கோபம் அங்கேதான். அவரோடு டீ குடித்துப் பேசுகிறவர்கள் வேண்டும், பாடம் எடுப்பவர்கள் வேண்டாம்.

சீமைக்கருவேலத்தை ஒழிக்கணும்கிறாங்க. அதுல பறவை அடையுதே, வெட்டலாமா கூடாதா?

முதலில் எந்த மரம் என்று பாருங்கள். குளத்துக்குள் வரிசையாக நிற்பது பல இடங்களில் நாட்டுக்கருவேலம். மஞ்சள் உருண்டைப் பூ, மணிமணியாகக் கோத்தது போன்ற காய். நாரையும் நீர்க்காகமும் கூடு கட்ட அது வேண்டும். சீமைக்கருவேலத்தின் பூ வால் போல நீளமாகத் தொங்கும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்ட சமயத்தில், ஜேசிபி ஓட்டியவருக்கு வித்தியாசம் தெரியாமல் நாட்டுக்கருவேலம் சேர்ந்து போனதையும் பார்த்தேன்.

என் கருத்து: சீமைக்கருவேலம் குளத்தை அடைத்தால் எடுக்கத்தான் வேண்டும், சகதியும் திறந்த தண்ணீரும் இல்லாமல் போனால் முன்னே சொன்ன உள்ளானுக்கும் மூக்கனுக்கும் இடமில்லை. ஆனால் ஒரே நாளில் மொத்தமாக வேண்டாம், கூடு இருக்கும் மாதங்களில் வேண்டவே வேண்டாம், நாட்டு மரம் வளர்ந்து வரும் வரை சூறைக்குருவி அடையும் ஒரு பகுதியை விட்டுவையுங்கள். கூட்டத்தில் இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். இட்லிக் கடையில் பாதி விவாதம் இதைப் பற்றித்தான்.

ஐப்பசியில ராத்திரி கலர் கலரா ஒரு குருவி வீட்டுக்குள்ள வந்து விழுந்துச்சு. கிளி மாதிரி, வாலே இல்ல. என்ன செய்யணும்?

வருஷத்துக்கு நாலு பேராவது இந்தப் படத்தை அனுப்புகிறார்கள். அது ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். முதுகு பச்சை, தோளில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். மத்திய இந்தியா, இமயமலை அடிவாரம் என்று வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருவது. இரவில் பறக்கும், வீட்டு விளக்கில் குழம்பிக் கண்ணாடியில் முட்டி விழுந்துவிடும்.

அட்டைப்பெட்டியில் துளை போட்டு, அடியில் துணி விரித்து, அதற்குள் விட்டு மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு வைக்காதீர்கள், எட்டு வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். விடியற்காலையில் மரம், புதர் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். றெக்கை தொங்கினால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். குளத்தங்கரையில் பறவை செத்துக் கிடந்தால் கதை வேறு: கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும், பல செத்துக் கிடந்தால் உடனே.

நாம எழுதிவைக்கிற கணக்கை யாராவது பார்க்கிறாங்களா?

பார்க்கிறார்கள். ஈபேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் அது ஆய்வாளர்கள் கைக்குப் போகிறது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பரிசீலித்து, 178 இனங்களுக்கு அவசரக் கவனம் வேண்டும் என்றது. அதற்கு அடிப்படை நம்மைப் போன்றவர்கள் ஏற்றிய பட்டியல்கள்தான். இங்கே தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் தை மாத வாக்கில் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உண்டு; வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து நிமிஷம் நின்று எழுதினாலும் சேரும். காக்காவை விட்டுவிடாதீர்கள். "ஒண்ணும் இல்லை, அஞ்சு காக்காதான்" என்பதும் ஒரு கணக்கு.

மாசிக்கு அப்புறம் நடை கிடையாதா? அதுக்குள்ள எல்லாம் போயிருமா?

கூட்டமாகப் போகும் நடை மாசிக் கடைசி ஞாயிற்றோடு சரி. அப்புறம் எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். பறவை அதற்கு மேலும் இருக்கும். பங்குனியில் தனியாகப் போய்ப் பாருங்கள்: பனிக்காலம் முழுக்கச் சாம்பலாக நின்ற கருவால் மூக்கனுக்குக் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். ஒரு காலை போனால் இருநூறு நிற்கும், அடுத்த வாரம் நாலு.

சித்திரை கழிந்தால் வைகாசி, ஆனியில் குளம் வெறிச்சென்று கிடக்கும், உள்ளூர்க்காரர்கள் தவிர. ஆடிக் கடைசியில் அந்தப் பக்கம் வேலையாகப் போனால் மடைக்கருகே மிச்சமிருக்கும் சகதியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டு ஒற்றைப் பொறி உள்ளான் நின்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், போன வருஷத் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.